எல்ராய் ஸ்டோர்லி தக்கைக்கு மாறிய ஜூன் மாதம்

படகை ஒற்றை ஆளாகத் தண்ணீரில் இறக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. நீளக் கயிற்றின் ஒரு நுனியைப் படகின் மூக்கிலும் மறு நுனியைப் பிக்கப் வண்டியின் பின்கொக்கியிலும் கட்டிக்கொள்ள வேண்டும். வண்டியைப் பின்னால் எடுத்து, டிரெய்லரின் சக்கரம் முழுகியதும் சட்டென்று பிரேக் போட்டால் படகு தானாக வழுக்கி மிதக்கும். பிறகு இறங்கிப் போய்க் கயிற்றை அவிழ்த்துத் துறைப் பலகையில் கட்டிவிட்டு, வண்டியை மேட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, மறுபடி நடந்து வர வேண்டும். இரண்டு பேர் இருந்தால் இதில் பாதி வேலை இல்லை. ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும்.

எல்ராய் ஸ்டோர்லி இந்த முறையை எழுபத்திரண்டாவது வயதில்தான் கற்றுக்கொண்டார். அதற்கு முன்னால் முப்பது வருடமாகக் கயிற்றைப் பிடிக்க டெல்மர் இருந்தார்.

லூன்ஃபுட் ஏரி மினசோட்டாவின் வடக்கே, பைன் காடு முடிந்து சதுப்பு தொடங்கும் இடத்தில் கிடக்கிறது. எல்ராய் அந்தக் கவுன்டியின் சாலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோடையில் சரளைச் சாலைகளைச் சமன்செய்யும் வண்டி, குளிர்காலத்தில் பனி தள்ளும் வண்டி. இரண்டிலும் ஓட்டுநர் இருக்கை மட்டும்தான். பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் கிடையாது. எதிரே வருகிறவர்களுக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கிக் காட்டுவார். அவர்களும் விரலைத் தூக்குவார்கள். கவுன்டியில் பாதிப் பேரை அவருக்கு அந்த விரலால்தான் தெரியும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று அவரை யாரும் கேட்டதில்லை. கேட்கிற ஊர் அல்ல அது.

டெல்மர் ஃப்ரைக்மன் தீவன ஆலையில் மூட்டை எடை போடுகிறவர். ஒரு பனிப்புயலில் அவருடைய கார் சாலையோரப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. எல்ராய் சங்கிலி போட்டு இழுத்து மேலே விட்டார். இருவரும் பத்து வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை. பனி உருகி ஏரி திறந்ததும் டெல்மர் ஒரு காபி டப்பா நிறைய மண்புழுவுடன் எல்ராய் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"உன்கிட்ட படகு இருக்குன்னு சொன்னாங்க."

"இருக்கு."

"என்கிட்ட புழு இருக்கு."

அவ்வளவுதான். அன்றிலிருந்து எல்ராய் பின்னால் மோட்டாரில், டெல்மர் முன் இருக்கையில்.

டெல்மருடைய திறமையெல்லாம் அவருடைய வலது ஆள்காட்டி விரலில் இருந்தது. லூன்ஃபுட் ஏரியின் நடுவில் ஊரார் மேசை என்று சொல்லும் ஒரு திட்டு உண்டு. சுற்றிலும் ஆழம், நடுவில் மட்டும் இருபத்திரண்டு அடியில் மேசைப் பலகைபோலச் சமமாகச் சேறு. மே மாதத்தில் கரையோரம் இருக்கும் வால்ஐ எனப்படும் மீன் ஜூலையில் ஆழத்துக்குப் போகும். இடையில் ஜூன் மாதத்தில் மேசைக்கு வரும். சேற்றுக்குள்ளிருந்து ஏரிப் பூச்சிகளின் புழு கிளம்பும் காலம் அது. மீன் வாயைத் திறந்துகொண்டு சும்மா நின்றாலே வயிறு நிறையும். அந்த மாதிரி மீனுக்குப் பசி கிடையாது. இரையாக உயிருள்ள நீரட்டையைக் கோத்த முள்ளைப் பக்கத்தில் கொண்டுபோனால் உதட்டால் ஒட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். வேறு யாருக்கும் அது தெரியாது. டெல்மர் தூண்டில் நரம்பை விரல்மேல் போட்டுக்கொண்டு, அதில் கட்டிய ஈயக்குண்டு சேற்றில் ஊர்வதைக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார். "வந்திருக்கான்," என்று மெல்லச் சொல்வார். விரலை எடுத்து நரம்பை ஓடவிடுவார். அவசரமே இருக்காது. பிறகு இறுக்கித் தூக்கினால் மீன் இருக்கும்.

நரம்பில் மிதக்கும் தக்கை போட்டுப் பிடிக்கிறவர்களைக் கண்டால் இருவருக்கும் ஆகாது.

"தக்கையைப் பாத்துக்கிட்டு உட்கார்றதுக்கு வீட்டுல டிவி பாக்கலாம்," என்பார் டெல்மர். "அதுல விளம்பரமாவது வரும்."

போன அக்டோபரில் டெல்மருக்கு இலேசான பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது. காலும் ஏறக்குறைய சரியாகிவிட்டது. வலது கை மட்டும் மடங்கும், நீளும், பிடிக்கும். ஆனால் எதைப் பிடித்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கிறிஸ்துமஸ் சமயத்தில் அடுப்புமேல் கையை வைத்துவிட்டு, கருகிய வாடை வந்த பிறகுதான் எடுத்தார் என்று அவருடைய மனைவி ஆர்டிஸ் சொன்னாள்.

ஏப்ரலில், பனிக்கட்டி இன்னும் ஏரியைவிட்டுப் போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தின் கீழறையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது எல்ராய் கேட்டார்.

"சீசன் வருதே. வரியா?"

"அட, நான் எதுக்கு. உனக்கு இடைஞ்சல்."

அந்த ஊரில் முதல் தடவை கேட்டால் யாரும் சரி என்று சொல்வதில்லை. சாப்பாடோ, சவாரியோ, கடன் கொடுக்கும் ஏணியோ, எதுவானாலும் அப்படித்தான். முதல் தடவை மறுக்க வேண்டும். இரண்டாவது தடவை இன்னும் கொஞ்சம் காரணம் சொல்லி மறுக்க வேண்டும். மூன்றாவது தடவையும் கேட்டால், கேட்கிறவர் மனதாரக் கேட்கிறார் என்று அர்த்தம். அப்போது, "சரி, உனக்குத் தொந்தரவு இல்லேன்னா," என்று ஒத்துக்கொள்ளலாம். பிறந்ததிலிருந்து எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஆகவே முதல் மறுப்பை எல்ராய் மறுப்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் டெல்மர் வீட்டுச் சமையலறையில் இரண்டாவது தடவை கேட்டார்.

"அட்டை இந்த வருஷம் நல்ல தடியா வருதாம். படகுல இடம் இருக்கு."

"இடம் இருக்கும். நீ யாராவது கை நல்லா இருக்கிற ஆளா பாத்துக் கூட்டிட்டுப் போ."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே டெல்மருடைய வலது கையிலிருந்து கரண்டி நழுவியது. அது தரையில் விழுந்து சத்தம் போட்ட பிறகுதான் அவர் குனிந்து பார்த்தார். பிறகு அந்தக் கையை எடுத்து மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார், அடுத்தவருடைய பொருளை மறைப்பதுபோல.

எல்ராய் மூன்றாவது தடவை கேட்கவில்லை. இவன் நிஜமாகவே வேண்டாம் என்கிறான், திரும்பவும் கேட்டால் அவமானப்படுத்துகிற மாதிரி ஆகும் என்று நினைத்தார். "சரி, அப்ப நான் கிளம்பறேன்," என்று தொப்பியை எடுத்துக்கொண்டார்.

மே மாதம் மீன்பிடி சீசன் திறந்த நாளில் எல்ராய் தனியாகப் போனார். ஜூன் வந்தது. தனியாகவே போய்க்கொண்டிருந்தார்.

தனியாக மேசைமேல் மீன் பிடிப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. ஊர்ந்து போகும் ஈயக்குண்டுக்குப் படகு நடக்கிற வேகத்தில்கூடப் போகக்கூடாது, அதிலும் பாதி. காற்று ஒரு பக்கம் தள்ளும். இடது கையால் மோட்டாரைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வலது கையில் தூண்டில் கழி. விரலில் ஏதோ பட்டதுபோலத் தோன்றி அவர் நரம்பை விடுவதற்குள் படகு திரும்பியிருக்கும். நரம்பு இறுகி, மீன் அட்டையைத் துப்பிவிட்டுப் போயிருக்கும்.

"விட்டுட்டேன்," என்றார் ஒரு நாள், முன் இருக்கையைப் பார்த்து.

முன் இருக்கையில் டெல்மருடைய மழைக்கோட்டு மடித்தபடி கிடந்தது. போன செப்டம்பரில் வைத்துவிட்டுப் போனது. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எல்ராய்க்குத் தோன்றாமல் இல்லை. கொடுத்துவிட்டால் இருக்கை காலியாகிவிடும்.

மற்றப் படகுகள் மேசைமேல் விர்ரென்று போய்வந்தன. அவர்கள் சுழலும் தகடு கட்டிய முள்ளில் மண்புழுவைக் கோத்து இழுப்பவர்கள். மீன் சிதறிக் கிடக்கும் சமதரையில் அது நல்ல வழிதான். அதிக இடத்தைத் துழாவலாம், பசித்த மீன் ஓடி வந்து கடிக்கும். ஆனால் பூச்சி கிளம்பும் வாரங்களில் பசித்த மீன் குறைவு. மீனின் வாய்க்கு நேரே ஒன்றை நிறுத்திவைத்துக் காத்திருந்தால்தான் உண்டு. ஆழம் காட்டும் பெட்டியில் சேற்றை ஒட்டி வளைவு வளைவாக மீன் தெரிந்தது. எல்ராய் அவற்றின் மேலே போனார், வந்தார். மதியம்வரை ஒரே ஒரு மீன். அதையும் தண்ணீரிலேயே திரும்ப விட்டுவிட்டார். ஒரு ஆளுக்காக அடுப்பு மூட்ட வேண்டுமா என்று இருந்தது.

அன்று திரும்பும் வழியில் டார்லாவின் கடையில் நின்றார். தூண்டில் இரையும் பெட்ரோலும் சூடான சாண்ட்விச்சும் விற்கும் கடை. டார்லாவுக்கு நாற்பது வயதிருக்கும். அவளுக்குத் தெரியாத செய்தி ஏரியில் கிடையாது.

"எப்படிப் போச்சு பெரியவரே?"

"மோசமில்ல."

"மோசமில்லன்னா ஒண்ணும் கிடைக்கலன்னு அர்த்தம். இந்த அட்டைய எடுத்துட்டுப் போங்க, இது தெம்பா இருக்கு." அவள் தொட்டிக்குள் வலையை விட்டுக் கலக்கினாள். "போன மாசம் உங்க கூட்டாளி வாங்கிட்டுப் போன அட்டை மாதிரி."

"எந்தக் கூட்டாளி?"

"எத்தனை பேர் இருக்காங்க உங்களுக்கு? டெல்மர்தான். சீசன் தொடங்குறதுக்கு முந்தின சாயங்காலம் ஆர்டிஸ் வண்டியில வந்து ஒரு டஜன் அட்டை வாங்கினாரு. திங்கக்கிழமை அப்படியே திருப்பிக் கொண்டாந்துட்டாரு. ஒண்ணுகூடக் குறையல. தொட்டியில விட்டுக்கோ, வீணாப் போகுதுன்னாரு. நான் காசு திருப்பித் தரேன்னேன், வாங்க மாட்டேன்னுட்டாரு. ஏன், உங்களோட வரலியா அவரு?"

எல்ராய் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அட்டைகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நீண்டன, சுருங்கின.

"வரல," என்றார்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தவர் சாவியைத் திருப்பவில்லை. டெல்மர் காத்திருந்திருக்கிறார். ஏப்ரல் முழுவதும் மூன்றாவது தடவைக்காகக் காத்திருந்து, அது வராமலே சீசன் நெருங்கியபோதும், கடைசி நேரத்திலாவது போன் அடிக்கும் என்று அட்டை வாங்கி வைத்திருக்கிறார். சனிக்கிழமை விடியற்காலையில் அந்த வீட்டுச் சமையலறையில் விளக்கு எரிந்திருக்கும். எல்ராய் அந்த வீட்டைத் தாண்டித்தான் படகை இழுத்துக்கொண்டு போனார். தூங்குகிறவனை எழுப்ப வேண்டாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போதே போய் மூன்றாவது தடவை கேட்டுவிடலாம். எல்ராய் டெல்மர் வீட்டுத் திருப்பம்வரை போய்விட்டுத் தன் வீட்டுக்கே ஓட்டினார். கேட்டால் வருவான். வந்து முன் இருக்கையில் உட்கார்ந்து நரம்பை அந்த விரல்மேல் போட்டுக்கொள்வான். ஈயக்குண்டு ஊர்வது தெரியாது. மீன் வந்தது தெரியாது. போனதும் தெரியாது. வெறும் முள்ளைச் சுற்றி எடுக்கும்போதுதான் தெரியும், கரண்டி விழுந்தது தெரிந்த மாதிரி. அதற்கப்புறம் மூன்று தடவை அல்ல, முப்பது தடவை கேட்டாலும் வரமாட்டான்.

ஆகவே முதலில் தீர்க்க வேண்டியது, விரலில் உணர்ச்சி இல்லாத ஒரு மனிதன் ஜூன் மாதத்தில் மேசைமேல் எப்படி மீன் பிடிப்பது என்பதுதான்.

சாலைத் துறையில் ஒரு பாலத்தின்மேல் எவ்வளவு எடை ஏற்றலாம் என்பதை யாரும் யோசித்துச் சொல்ல மாட்டார்கள், ஏற்றிப் பார்ப்பார்கள். எல்ராய் கொட்டகைக்குப் போய், பனி தள்ளும் காலத்தில் போட்டுக்கொள்ளும் மான்தோல் கையுறையை எடுத்தார். விரல் பிரிவு இல்லாத, உள்ளே கம்பளி வைத்த தடித்த உறை. மறுநாள் காலை வெயில் ஏறியபிறகு, வலது கையில் அதை மாட்டிக்கொண்டு மேசைமேல் போய் நின்றார்.

முதலில் ஊரும் ஈயக்குண்டு. உறைக்குள் இருந்த விரலுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. மூன்று அட்டைகள் போயின. எப்போது போயின என்று அவரால் சொல்ல முடியவில்லை. டெல்மருடைய நாட்கள் இப்போது இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்தது சுழலும் தகடு. கழியைப் படகின் ஓரத்தில் இருக்கும் தாங்கியில் செருகிவிட்டு மோட்டாரை ஓட்டினார். வெகுநேரம் கழித்துக் கழி தானாகவே வளைந்தது. ஒரு மீன் மாட்டியிருந்தது. கையுறையோடு அதைச் சுற்றி எடுக்க முடிந்தது. ஆனால் இதைப் பிடித்தது தாங்கிதான். தாங்கி பிடித்த மீனைச் சுற்றி எடுக்க டெல்மரைக் கூப்பிட முடியாது. அவன் சிரிப்பான். பிறகு சிரிப்பதை நிறுத்திவிடுவான்.

பக்கத்தில் ஒரு படகு மெதுவாகப் போனது. அதில் இருந்தவர், ஜூன் மாத வெயிலில் மான்தோல் கையுறையோடு உட்கார்ந்திருக்கும் எல்ராயைப் பார்த்தார்.

"குளுருதா?" என்றார்.

"கொஞ்சம்," என்றார் எல்ராய்.

இரையை இழுப்பதில் இருந்த வழிகள் தீர்ந்துவிட்டன. இழுக்காத வழி ஒன்றுதான் மிச்சம். எல்ராய்க்கு அது முதலிலிருந்தே தெரியும். இரைப்பெட்டியின் அடித்தட்டில், பாசியில் சிக்கி மிதந்து வந்த, யாரோ அறுத்துவிட்ட ஒரு சிவப்புத் தக்கை கிடந்தது. டெல்மர்தான் அதை எடுத்துப் போட்டார், வருகிற வழியெல்லாம் அதைக் காட்டிக் காட்டிப் பேசிச் சிரித்தபடி. எல்ராய் சுற்றிலும் பார்த்தார். குளிருதா என்று கேட்டவரின் படகு தூரம் போய்விட்டிருந்தது.

ஆழம் காட்டும் பெட்டியில் மீன் தெரிந்த இடத்துக்குக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் நங்கூரத்தை இறக்கினார். நரம்பில் முடிச்சுப் போட்டு ஆழத்தை அளந்தார். அட்டை சேற்றுக்கு ஒரு அடி மேலே தொங்க வேண்டும். வீசினார். தக்கை படுத்துக் கிடந்தது. ஈயம் இறங்க இறங்க, நரம்பு தக்கையின் ஊடே ஓடி, முடிச்சு வந்து தட்டியதும் தக்கை நிமிர்ந்து நின்றது. சின்ன அலைகள் அதைத் தூக்கித் தூக்கி இறக்கின. கீழே அட்டையும் அப்படியே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

மோட்டார் ஓடவில்லை. பிடித்துத் திருப்ப எதுவும் இல்லை. எல்ராய் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக இந்த ஏரியில் அவர் ஒரே இடத்தில் நின்றார். டிவி மாதிரிதான் இருந்தது.

பிறகு தக்கை சாய்ந்தது. மூழ்கவில்லை, ஒரு பக்கமாக நகர்ந்து, யோசிப்பதுபோல நின்று, மெதுவாக நீருக்குள் போனது. சிவப்பு தண்ணீருக்குக் கீழே மங்கிப் போவது தெரிந்தது. எல்ராய் இடது கையால் ரீலைச் சுற்றினார். தளர்ந்திருந்த நரம்பு நேராகிக் கழியின் நுனி வளைந்தது. அது கண்ணுக்குத் தெரிந்தது. தூக்கினார். மீன் இருந்தது.

வலது கைக்கு இதில் பிடித்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. மற்றதெல்லாம் கண்ணும் இடது கையும். மீன் கனமாக, பொன்னிற வயிற்றோடு வலையில் கிடந்து, கண்ணாடிபோல் மினுங்கும் கண்ணால் அவரைப் பார்த்தது. அதை விட்டுவிட்டார். பிறகு இன்னொன்று. அன்று பூச்சிகள் படகெங்கும் ஒட்டியிருந்தன, டெல்மருடைய மழைக்கோட்டின்மேலும்.

மாலையில் டார்லாவின் கடையில் நல்ல தக்கையாக நான்கு எடுத்துக் கல்லாவில் வைத்தார். டார்லா தக்கையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"இது யாருக்கு? ஊர்லேர்ந்து சின்னப் பசங்க யாராவது வந்திருக்காங்களா?"

"இல்ல."

"அப்ப உங்களுக்கா?"

"ஒரு பையில போட்டுக் கொடும்மா," என்றார் எல்ராய். "வெளிய தெரியாத பையா."

மறுநாள் மாலை டெல்மர் வீட்டுக்குப் போனார். கொசுவலை அடித்த முன்கூடத்தில் டெல்மர் உட்கார்ந்திருந்தார். வலது கை மடிமேல் இருந்தது. எல்ராயைக் கண்டதும் தலையை அசைத்தார். ஏப்ரலுக்குப் பிறகு எல்ராய் அந்தப் படியேறவில்லை என்பதை இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. சாலையைப் பற்றிப் பேசினார்கள். புதிதாக வந்திருக்கும் ஆள் சரளையை நடுவில் குவித்துவிட்டுப் போகிறான் என்றார் டெல்மர். மழை போதாது என்றார் எல்ராய்.

ஆர்டிஸ் காபியும் ருபார்ப் என்னும் புளிப்புத் தண்டு போட்ட கேக்கும் கொண்டுவந்தாள்.

"கேக் எடுத்துக்கோ, எல்ராய்."

"வேணாம், சாப்பிட்டுட்டுதான் வந்தேன்."

"சின்னத் துண்டுதான்."

"உங்களுக்கு இருக்கட்டும்."

"ராத்திரிக்குள்ள கெட்டுப்போகும், எடுத்துக்கோ."

"சரி, கெட்டுப்போகும்னா."

எடுத்துக்கொண்டார். ஆர்டிஸ் உள்ளே போனாள். ஆனால் சமையலறைக் குழாயைத் திறக்கவில்லை. எல்ராய் கேக்கை முடித்துவிட்டுச் சொன்னார்.

"மேசைக்கு மீன் வந்திருக்கு. நாளைக்குக் காத்து மேக்க. வரியா?"

"எனக்கு வேலை இருக்கு," என்றார் டெல்மர்.

"என்ன வேலை?"

டெல்மர் கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு இருக்கு."

"படகுல இடம் இருக்கு. வரலாம்."

"நான் வந்து என்ன பண்ணப் போறேன். உனக்குத் தெரியாதா?" வலது கையை இடது கையால் தூக்கிக் காட்டிவிட்டு மறுபடி மடியில் வைத்தார். "இது செத்த மீன் மாதிரி கெடக்கு."

எல்ராய் காகிதப் பையை எடுத்துக் காபிக் கோப்பைகளுக்கு நடுவில் வைத்தார். டெல்மர் இடது கையால் உள்ளே விட்டு ஒரு தக்கையை வெளியே எடுத்தார். நெடுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"என் கை போச்சுன்னு தக்கை வாங்கிட்டு வந்தியா?"

இந்த இடத்தில் எல்ராய் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். டார்லா தள்ளுபடியில் கொடுத்தாள் என்றோ, சும்மா வண்டியில் கிடந்தது என்றோ எதையாவது சொல்வதுதான் அந்த ஊர் வழக்கம்.

"ஆமா," என்றார்.

டெல்மர் நிமிர்ந்து பார்த்தார்.

"கையுறை போட்டுக்கிட்டு எல்லாத்தையும் பாத்தேன்," என்றார் எல்ராய். தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "குண்டு ஊர்றது ஆகல. தகடு ஆகும், ஆனா அது உனக்குப் பிடிக்காது. இது ஆகுது. கண்ணு இருந்தாப் போதும். எனக்கும் தனியா அங்க ஒண்ணும் வரல. படகும் வரல, மீனும் வரல. போன மாசம் நீ அட்டையத் திருப்பிக் கொடுத்தியாமே. டார்லா சொன்னா."

 வலைக்கு வெளியே கொசுக்கள் இரைந்தன.

"கையுறைன்னா? அந்த மான்தோலா?"

"அதான்."

"ஜூன் மாசத்துல?"

"ஜூன் மாசத்துலதான்."

"யாராவது பாத்தாங்களா?"

"ஒருத்தன் பாத்தான். குளுருதான்னு கேட்டான்."

டெல்மருடைய தோள் குலுங்கியது. சத்தம் வெளியே வரவில்லை. பிறகு கண்ணை இடது கையால் துடைத்துக்கொண்டார்.

"வரியா?" என்றார் எல்ராய்.

"இது எத்தனாவது தடவை?"

"மூணு."

"ஏப்ரலையும் சேத்தா அஞ்சு," என்றார் டெல்மர். தக்கையைப் பைக்குள் போட்டார். "சரி. உனக்குத் தொந்தரவு இல்லேன்னா."

சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

காலையில் ஆர்டிஸ் அவரைத் துறையில் இறக்கிவிட்டாள். டெல்மர் படகின் கயிற்றை இடது கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்ராய் வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டு நடந்து வந்தபோது படகு அவருக்காகக் காத்திருந்தது.

மேசைமேல் நங்கூரம் போட்டார்கள். டெல்மர் மழைக்கோட்டை எடுத்து உதறிவிட்டுத் தனக்குக் கீழே போட்டுக்கொண்டார். வீசுவதற்கு அவருக்கு மூன்று முயற்சி தேவைப்பட்டது. எல்ராய் தன்னுடைய அட்டையை வெகுநேரம் கோத்துக்கொண்டிருந்தார். பேசிக்கொள்ளவில்லை. முன்பும் அவர்கள் பேசியதில்லை. ஆனால் இது அந்தப் பேசாமை அல்ல. டெல்மருடைய வலது ஆள்காட்டி விரல் பழக்கத்தில் நரம்பைத் தேடிப் போய் அதன்மேல் படிந்திருந்தது. அவருக்கு அது தெரியாது. எல்ராய் பார்த்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்தார்.

டெல்மருடைய தக்கைதான் முதலில் சாய்ந்தது. எல்ராய் அதை அவருக்கு முன்பே கண்டுவிட்டார். சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். தக்கை நகர்ந்தது, நின்றது, முழுகத் தொடங்கியது. டெல்மர் கண்ணை இடுக்கினார்.

"வந்திருக்கான்," என்றார் மெல்ல.

இடது கையால் சுற்றினார். அவசரப்படவில்லை. கழியின் நுனி வளைந்ததும் தூக்கினார். மீன் கொஞ்ச தூரம் மேலே வந்தது. பிறகு கழி வலது கையில் திரும்பிக்கொண்டு, நரம்பு தளர்ந்து, மீன் போய்விட்டது. கழி திரும்பியதை டெல்மர் உணரவில்லை, கண்ணால்தான் பார்த்தார். கையில் கழியைச் சரியாகத் திருப்பி வைத்துக்கொள்ள அவருக்கு நேரம் பிடித்தது.

"நல்ல மீனு," என்றார்.

"நல்ல மீனுதான்."

எல்ராய் புது அட்டையைக் கோத்துக் கொடுத்தார். மதியத்துக்குள் டெல்மர் இரண்டு பிடித்தார், நாலை விட்டார். காபி பிளாஸ்க் காலியானது. ஒரு சமயம், தகடு இழுக்கும் படகு ஒன்று கிட்டத்தில் போனபோது டெல்மர் தன் தக்கையைப் பார்த்தபடியே, "இதுல விளம்பரம் வர மாட்டேங்குது," என்றார்.

துறைக்குத் திரும்பினார்கள். ஆர்டிஸின் வண்டி ஏற்கெனவே நின்றிருந்தது. டெல்மர் பலகையில் இறங்கி, கால் நிலைகொள்ளும்வரை கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மழைக்கோட்டைக் கையில் எடுத்தவர், அதை மறுபடி முன் இருக்கையில் போட்டார்.

"நாளைக்கும் வரவா?" என்றார்.

கேட்ட உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எல்ராய் தன் ஆயுளில் எதற்கும் முதல் தடவையிலேயே சரி என்று சொன்னவர் அல்ல. நாக்கு தானாகவே, உனக்கு ஏன் சிரமம் என்று தொடங்கியது.

"வா," என்றார்.

ஆர்டிஸின் வண்டி மேட்டில் ஏறியது. எல்ராய் விரலைத் தூக்கினார். கண்ணாடியில் வெயில் அடித்ததால் உள்ளே யாராவது விரலைத் தூக்கினார்களா என்று அவருக்குத் தெரியவில்லை. படகைத் தனியாக டிரெய்லரில் ஏற்ற வேண்டியிருந்தது. அதற்கும் ஒரு முறை இருக்கிறது. அதை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய், அடுப்பை மூட்டி, டெல்மர் கட்டாயப்படுத்திக் கொடுத்துவிட்டுப் போன மீனைப் பொரித்துத் தனியாகச் சாப்பிட்டார். காலையில் எடுத்துப் போக இரண்டு கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.